டைமிங் பெல்ட்: நல்லா ஓடுற வண்டியில் கை வைக்கணுமா?

கேள்வி, 2024 மார்ச் 9

போன மாசம் 2016 மாடல் டஸ்டர் டீசல் ஒன்று செகண்ட் ஹேண்டில் எடுத்தேன். மீட்டரில் 78 ஆயிரம். சர்வீஸ் புத்தகத்தில் பாதிக்கு மேல் வெற்றுப் பக்கம். டைமிங் பெல்ட் மாற்றினீர்களா என்று விற்றவரிடம் கேட்டால், "நான் ரெண்டாவது ஓனர், முதல் ஓனரைத்தான் கேட்கணும்" என்கிறார். எங்கள் ஊர் மெக்கானிக் மேல் கவரைத் திறந்து பார்த்துவிட்டு, "பெல்ட் நல்லாத்தானே இருக்குதுங்ணா, ஒரு லட்சம் வரைக்கும் தொடாதீங்க" என்று மூடிவிட்டார். நல்லா ஓடுற வண்டியில் கை வைப்பது தேவையா, இல்லை காசு பிடுங்குகிற வேலையா?

2024 மார்ச் 9, இரவு

மாற்றுங்கள். பில் இல்லாத பெல்ட் என்றால் மாற்றாத பெல்ட். செகண்ட் ஹேண்ட் வண்டிக்கு எனக்குத் தெரிந்த கணக்கு இவ்வளவுதான்.

என்னிடம் இருப்பது வெரிட்டோ டீசல். உங்கள் டஸ்டரில் இருக்கிற அதே 1.5 லிட்டர் கே9கே இன்ஜின்தான், பவர் மட்டும் கம்மி. இதில் டைமிங் பெல்ட் என்கிற ஒரே பெல்ட், பிஸ்டன்கள் சுற்றிவிடும் கிராங்க் தண்டிலிருந்து கிளம்பி, வால்வுகளைத் திறந்து மூடும் கேம் ஷாஃப்ட், டீசலை அழுத்தித் தள்ளும் ஹை பிரஷர் பம்ப், வாட்டர் பம்ப் மூன்றையும் ஓட்டிவிட்டு வருகிறது. கிராங்க் இரண்டு சுற்று சுற்றினால் கேம் ஒரு சுற்று. ஹைவேயில் 2000 ஆர்பிஎம்மில் போகிறீர்கள் என்றால் ஒவ்வொரு வால்வும் நிமிடத்துக்கு 1000 தடவை திறந்து மூடுகிறது, ஒவ்வொரு தடவையும் ஸ்பிரிங் எதிர்த்து நிற்பதைத் தாங்குவது பெல்ட்டின் பல். வால்வு இறங்கி நிற்கிற இடத்துக்குத்தான் பிஸ்டனும் ஏறி வருகிறது, நேரம் மட்டும் வேறு. அந்த நேரத்தைக் காப்பாற்றுவது பெல்ட் ஒன்றுதான். டீசலில் கம்ப்ரஷன் அதிகம் என்பதால் பிஸ்டன், வால்வுகள் உட்கார்ந்திருக்கும் மேல் பாகமான ஹெட்டை ஒட்டுகிற அளவுக்கு மேலே வரும். பெல்ட் போய், வால்வில் ஒரு கீறல்கூட விழாமல் தப்பித்த டீசல் கார் இன்ஜினை நான் இதுவரை பார்த்ததில்லை.

மெக்கானிக் சொன்னதற்கு வருகிறேன். அந்தக் காலத்து நியோப்ரீன் பெல்ட்டில் வயதானால் முதுகில் வெடிப்பு விடும், பார்த்ததும் தெரியும். இப்போது வருவது எச்என்பிஆர் என்கிற ரப்பர், வெடிக்காமலே வயதாகும். இழுவையைத் தாங்குவது உள்ளே இருக்கும் கண்ணாடி நார், அது வெளியே தெரியாது. மேல் கவரைத் திறந்தால் பெல்ட்டில் ஒரு சாண் நீளம் கண்ணில் படும், அதுவும் முதுகுப் பக்கம். பல் இருப்பது உள்பக்கம். பெல்ட்டை இறுக்கமாக வைத்திருக்கும் டென்ஷனரும் வாட்டர் பம்ப்பும் இருக்கிற இடத்தைப் பார்க்க வேண்டும் என்றால் சக்கரத்தைக் கழற்றிக் கீழ்க் கவரையும் எடுக்கணும். அவர் எடுத்திருக்க மாட்டார்.

இன்னொன்று, கம்பெனிப் புத்தகத்தில் கிலோமீட்டர் ஒன்று, வருஷம் ஒன்று என்று இரண்டு கணக்கு இருக்கும், எது முதலில் வருகிறதோ அதுதான் கணக்கு. உங்கள் மெக்கானிக் கிலோமீட்டரை மட்டும் பேசுகிறார். உங்கள் வண்டிக்கு 8 வயது. அந்த 78 ஆயிரம் உண்மையான 78 ஆயிரம்தானா என்பது தனிக் கதை.

2024 மார்ச் 10

"எங்க மாமா அம்பாசடரை மூணு லட்சம் ஓட்டினார், ஒரு பெல்ட்டும் மாத்தலை" என்று கீழே ஒருவர் எழுதியிருக்கிறார். மாற்றியிருக்கவே முடியாது. பழைய 1489 சிசி அம்பாசடரில் கேம் ஷாஃப்ட் பிளாக்குக்குள் இருக்கும், தள்ளுகோல் போட்டு வால்வைத் தூக்கும், கேமைச் சுற்றுவது சின்னச் சங்கிலி. மாமாவின் பொறுமைக்கு வேண்டுமானால் பரிசு கொடுக்கலாம்.

எந்த வண்டியில் பெல்ட், எதில் சங்கிலி என்று நிறையப் பேர் கேட்பதால் எனக்கு நிச்சயமாகத் தெரிந்ததை மட்டும் சொல்கிறேன். பழைய மாருதி 800, ஆல்டோ 800 பெல்ட். மாருதி கே சீரிஸ் பெட்ரோல் சங்கிலி. ஸ்விஃப்ட் டிசைரில் ஓடிய 1.3 டீசல், ஃபியட்காரனுடையது, அதுவும் சங்கிலி. பழைய சான்ட்ரோ பெல்ட். ஐ10-இல் 1.1 பெல்ட், 1.2 கப்பா சங்கிலி, ஒரே பெயர்ப் பலகைக்குள் இரண்டு விதம், அதனால் கடைக்காரரிடம் மாடல் பெயரை மட்டும் சொல்லாதீர்கள். டாடா இண்டிகா 1.4 டீசல் பெல்ட். ஃபோர்டு ஃபிகோ, ஈகோஸ்போர்ட் டீசல் பெல்ட். ஃபோக்ஸ்வேகன், ஸ்கோடாவின் டீசல்களும் இப்போதைய 1.0 டிஎஸ்ஐ பெட்ரோலும் பெல்ட்.

சங்கிலி என்றதும் நிம்மதியாகத் தூங்குகிறவர்களுக்கு ஒரு வரி: ஆயிலைத் தள்ளித் தள்ளி மாற்றினால் சங்கிலியின் ஒவ்வொரு பின்னும் தேய்ந்து மொத்த நீளம் கூடும், காலையில் ஸ்டார்ட் செய்ததும் சில விநாடி கடகடவென்று சத்தம் வரும். அதாவது சொல்லிவிட்டுப் போகும். பெல்ட் சொல்லாது.

2024 மார்ச் 10, கொஞ்ச நேரம் கழித்து

இன்னோவாவை விட்டுவிட்டேன், நாலு பேர் பிடித்துக்கொண்டார்கள். பழைய இன்னோவா 2.5 டீசல் பெல்ட்தான். ஆனால் மேலே கே9கேவுக்குச் சொன்னதை அப்படியே அதற்குப் போடாதீர்கள். அதில் வாட்டர் பம்ப் டைமிங் பெல்ட்டில் ஓடுவதில்லை, வெளிப் பெல்ட்டில் ஓடுகிறது. டைமிங் பெல்ட் சின்னது, முன்பக்கம் கைக்கு எட்டுகிற இடத்தில் இருக்கிறது. மீட்டரில் டி-பெல்ட் என்று ஒரு விளக்கும் உண்டு, கிலோமீட்டர் நிறைந்ததும் எரியும். அது பெல்ட்டைப் பார்த்து எரிவதில்லை, மீட்டரை எண்ணி எரிவது. மாற்றிய பிறகு அதை ரீசெட் செய்யாமல் விட்டால் எரிந்துகொண்டே இருக்கும், செய்துவிட்டால் பெல்ட் மாற்றாத வண்டியிலும் அணைந்துவிடும். பழைய டாக்ஸி இன்னோவா வாங்குகிறவர்கள் இதை இன்னொரு தடவை படியுங்கள்.

கிரிஸ்டா 2.4 டீசல் சங்கிலி.

2024 மார்ச் 12

"அறுந்தால் அப்போது பார்த்துக்கொள்ளலாம், எத்தனை பேருக்கு அறுந்திருக்கிறது?" என்று கேட்டவருக்கு.

எங்கள் தெருவில் ஒருவர், டீசல் செடான். என்ன வண்டி என்று சொல்லப்போவதில்லை, எந்தக் கம்பெனி வண்டியாக இருந்தாலும் இது நடந்திருக்கும். பெருந்துறை தாண்டி சேலம் பக்கம் போகும்போது டப் என்று ஒரு சத்தம், இன்ஜின் நின்றது, ஸ்டியரிங் கல் மாதிரி இறுகிவிட்டது. பின்னால் லாரி. எப்படியோ ஓரம் கட்டிவிட்டார். அதுவரை நடந்தது விதி. அதற்கப்புறம் செய்தது அவராகவே செய்தது: டீசலில் காற்று பிடித்திருக்கும் என்று நினைத்து செல்ஃப் அடித்துக்கொண்டே இருந்தார்.

இந்தச் சத்தத்தை எல்லோரும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். நல்ல இன்ஜினில் செல்ஃப் அடித்தால் கம்ப்ரஷனுக்குத் திணறித் திணறி, ஒரு தாளத்தில் சுற்றும். பெல்ட் அறுந்திருந்தால் தாளமே இருக்காது, சர்ரென்று லேசாக, வழக்கத்தைவிட வேகமாகச் சுற்றும். அப்படிக் கேட்டால் சாவியை எடுத்துப் பையில் போட்டுவிட்டு ரெக்கவரி வண்டிக்கு போன் செய்யுங்கள். ஒவ்வொரு தடவை அடிக்கும்போதும் தப்பித்த வால்வுகளும் அடி வாங்கும். சந்தேகம் இருந்தால், ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து கேம் தெரிகிற வண்டியாக இருந்தால், ஒரே ஒரு தடவை, அரை விநாடி யாரையாவது அடிக்கச் சொல்லிப் பார்க்கலாம். கேம் அசையவில்லை என்றால் கதை முடிந்தது.

ஹெட்டை இறக்கி லேத்துக்குக் கொண்டுபோனபோது நானும் கூடப் போயிருந்தேன். பிஸ்டன் தலையில் பிறை பிறையாகத் தழும்பு. வால்வுகளை வரிசையாக எடுத்து வைத்தார்கள், பார்த்தால் எல்லாம் நேராகத்தான் தெரிந்தது. லேத்துக்காரர் ஒவ்வொன்றையும் கண்ணாடித் தகட்டின் விளிம்பில் வைத்துத் தண்டை உருட்டினார், வெளியே நீட்டிக்கொண்டிருந்த தலை வட்டமாகச் சுற்றாமல் மேலும் கீழுமாக ஆடியது. அந்த ஆட்டம் போதும், வால்வு சீட்டில் முழுசாக உட்காராது, கம்ப்ரஷன் நிற்காது. பாதிக்கு மேல் கழித்துப் போட்டார். வால்வு, கைடு, கேஸ்கெட், ஹெட் போல்ட், லேத் கூலி, லேபர், ரெக்கவரி எல்லாம் சேர்த்து ஒரு லட்சத்துக்குச் சற்றுக் குறைவாக வந்தது. நான் வெரிட்டோவுக்கு வாட்டர் பம்ப்போடு சேர்த்து மொத்த வேலையும் செய்தது பதினைந்தாயிரத்தைத் தொட்டது.

இதில் முக்கியமான விஷயம், அறுந்த பெல்ட் பெரிய தப்பு எதுவும் செய்யவில்லை. பெல்ட் போகும் வழியில் அதைத் தாங்கும் ஐட்லர் உருளையின் பேரிங் இறுகிப்போய்ச் சுற்றாமல் நின்றிருக்கிறது, அதன் மேல் பெல்ட் உரசி உரசி ஓரம் உருகிக் கருகிப் பிறகுதான் அறுந்தது. பெல்ட்டைக் கொஞ்ச காலம் முன்னால்தான் மாற்றியிருந்தார், பெல்ட்டை மட்டும்.

இன்ஷூரன்ஸ் கேட்டிருக்கிறார்கள். கிடைக்காது. தேய்மானமும் மெக்கானிக்கல் பிரேக்டவுனும் சாதாரண மோட்டார் பாலிசியில் விலக்கு. இன்ஜின் புரொடெக்ட் என்று கூடுதலாகப் போடுவது பெரும்பாலும் தண்ணீர் புகுந்தால் உதவும், பெல்ட்டைக் காலத்தில் மாற்றாததற்கு உதவாது.

2024 மார்ச் 13

ஏசி போட்டதும் கீச்சென்று கத்துகிறதே, அது டைமிங் பெல்ட்டா? இல்லை. அது வெளியே இருக்கும் ஏசி, ஆல்டர்னேட்டர் பெல்ட். பல் உள்ள பெல்ட் வழுக்கிக் கத்தாது. டைமிங் கவர் பக்கத்திலிருந்து இன்ஜின் வேகத்தோடு ஏறி இறங்குகிற மாதிரி ஒரு முனகல் வந்தால் அது பேரிங். அதை அலட்சியம் செய்யாதீர்கள்.

ஆனால் அந்த வெளிப் பெல்ட்டையும் சும்மா விடாதீர்கள். அது நார் நாராகப் பிரிந்து, ஒரு நூல் கிராங்க் புல்லிக்குப் பின்னால் புகுந்து டைமிங் பெல்ட்டுக்குள் இழுபட்டால் அதே விளைவுதான். டைமிங் வேலைக்கு அதை எப்படியும் கழற்றத்தான் போகிறார்கள், அப்போதே புதுசு போட்டுவிடுங்கள்.

2024 மார்ச் 15

கிட் பற்றி. பெல்ட், டென்ஷனர், ஐட்லர் இருந்தால் அதுவும், வாட்டர் பம்ப், புது கிராங்க் போல்ட், கூலண்ட், வெளிப் பெல்ட். இதில் எதையும் "அது நல்லாருக்கு, விட்டுடலாம்" என்று சொல்ல விடாதீர்கள். கே9கேவில் வாட்டர் பம்ப்பை மாற்ற டைமிங் பெல்ட்டைக் கழற்றியே ஆகணும். பம்ப்பை விட்டுவிட்டு, அது அடுத்த வருஷம் கசிந்தால் அதே லேபரை மறுபடி கொடுக்கணும், கூலண்ட் நனைந்த புது பெல்ட்டையும் தூக்கிப் போடணும்.

இந்த இன்ஜினில் ஒரு வசதி, சன்னி, மைக்ரா, டெரானோ, லாட்ஜி, லோகன், வெரிட்டோ என்று ஏகப்பட்ட வண்டியில் போட்டுவிட்டார்கள், அதனால் டீசல் டஸ்டர் 2020-இல் பிஎஸ்6 புகை விதி வந்தபோது நின்றாலும் ஸ்பேருக்குப் பஞ்சமில்லை. சென்னை ஜி.பி. ரோட்டில் பெரிய கடை எதிலும் கிடைக்கும். புதுப்பேட்டையில் பானெட், கதவு, விளக்கு வாங்குங்கள், தாராளமாக. பழைய டென்ஷனர் மட்டும் வாங்காதீர்கள்.

டூப்ளிகேட் அதிகம் என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். பெட்டியைப் பார்த்து ஏமாறாமல் பெல்ட்டின் முதுகைப் பாருங்கள், பிராண்டும் பார்ட் நம்பரும் தெளிவாக அச்சாகியிருக்கணும், சில பிராண்டில் தயாரித்த தேதிக் குறியீடும் இருக்கும். வருஷக்கணக்கில் அலமாரியில் கிடந்த பெல்ட் வேண்டாம். வாங்கி வந்ததும் அதை மடக்கிப் பார்க்கிறேன், உள்பக்கம் வெளியே திருப்பிப் பார்க்கிறேன் என்று விளையாடவும் கூடாது. கண்ணாடி நார் இழுவைக்குப் பயப்படாது, மடிப்புக்குப் பயப்படும். கடைக்காரரே சுருட்டி ரப்பர் பேண்ட் போட்டுக் கொடுத்தால் வேறு கொடுங்கள் என்று கேளுங்கள், அவர் முறைத்தால் முறைக்கட்டும்.

2024 மார்ச் 16

"எங்க நெக்ஸான் இவியில் பெல்ட்டும் இல்லை சங்கிலியும் இல்லை, ஹிஹி."

வாழ்த்துகள். சார்ஜருக்கு முன்னால் வரிசையில் நிற்கும்போது இந்த இழையை முழுசாகப் படித்துவிடலாம்.

2024 மார்ச் 17

ஞாயிற்றுக்கிழமை, வேலை இல்லை, அதனால் கொஞ்சம் கதை. இந்தப் பெல்ட் வேலையை யார் ஆரம்பித்தார்கள் என்று ஒருவர் கேட்டிருந்தார். ஜெர்மனியில் டிங்கோல்ஃபிங் என்கிற சின்ன ஊரில் ஹான்ஸ் கிளாஸ் என்பவரின் கம்பெனி இருந்தது, கோகோமொபில் என்று பொம்மை மாதிரி ஒரு குட்டிக் கார் செய்து பேர் வாங்கினவர்கள். 1962-இல் கிளாஸ் 1004 என்ற காரில் கேமைச் சுற்றப் பல் பெல்ட் போட்டார்கள், விற்பனைக்கு வந்த கார்களில் அதுதான் முதல். சங்கிலியைவிடச் சத்தம் குறைவு, எடை குறைவு, ஆயில் தேவையில்லை, செலவும் குறைவு. 1966-இல் அமெரிக்காவில் பான்டியாக் போட்டது, இத்தாலியில் ஃபியட் 124 ஸ்போர்ட் போட்டது, அப்புறம் எல்லோரும் போட்டார்கள். கிளாஸ் கம்பெனியை அதே 1966-இல் பிஎம்டபிள்யூ வாங்கிவிட்டது. டிங்கோல்ஃபிங்கில் இன்றைக்கு பிஎம்டபிள்யூவின் பெரிய தொழிற்சாலை இருக்கிறது.

பைக்கிலும் உண்டு. டுகாட்டியின் இரட்டை சிலிண்டர் இன்ஜின்களில் பல காலம் பெல்ட்தான். அதை மாற்றுகிற பில்லைப் பார்த்தால் நம் வெரிட்டோவைக் கட்டிப்பிடித்து முத்தம் கொடுக்கத் தோன்றும் என்று நண்பர் ஒருவர் சொல்வார். வைத்திருப்பவர் சொன்னால் நம்பித்தான் ஆகணும்.

2024 மார்ச் 20

ஈகோஸ்போர்ட் 1.0 ஈகோபூஸ்ட் வைத்திருப்பவருக்கு. உங்களுடையது தனி ஜாதி, ஆயிலுக்குள்ளேயே ஓடும் பெல்ட். மேலே "ஆயில் பட்டால் பெல்ட் போச்சு" என்று யாரோ எழுதியதைப் படித்துப் பயப்பட வேண்டாம், அது வெளியே காய்ந்து ஓடும் பெல்ட்டுக்கு. உங்கள் பெல்ட்டை ஆயிலுக்கென்றே செய்திருக்கிறார்கள். ஆனால் அந்த இன்ஜினுக்குச் சொன்ன ஆயில்தான் ஊற்றணும், வேறு கிரேடு ஊற்றினாலோ மாற்றுவதைத் தள்ளிப்போட்டாலோ பெல்ட்டின் ரப்பர் துணுக்கு துணுக்காக உதிர்ந்து இன்ஜின் அடியில் ஆயில் தேங்கும் சம்ப்பில் உள்ள ஆயில் வலையை அடைத்துவிடும். பெல்ட் அறுபடும் முன்னாலேயே ஆயில் பிரஷர் விழுந்து இன்ஜின் போகும். ஐரோப்பாவில் பியூஜோ, சிட்ரோயனின் 1.2 பியூர்டெக் இதே கதையில் மாட்டிப் பெரிய சர்ச்சையானது.

இதற்குப் புத்தகத்தில் நீண்ட இடைவெளி போட்டிருப்பார்கள். நம் ஊர் டிராஃபிக், குறைந்த தூர ஓட்டம் இரண்டையும் வைத்துப் பார்த்தால் எனக்கு அந்த எண்ணில் நம்பிக்கை இல்லை. அதை மாற்றுவது கஷ்டமான வேலை, தெருமுனைக் கடையில் கொடுக்காதீர்கள்.

2024 மார்ச் 21

டிராஃபிக் என்றதும் ஞாபகம் வருகிறது. முதல் நாள் நான் வயதையும் கிலோமீட்டரையும் மட்டும் பேசினேன், ஓடிய மணி நேரத்தைச் சொல்லவில்லை. ஏர்போர்ட் வாசலில் ஏசி போட்டுக்கொண்டு காத்துக்கிடக்கும் வண்டியில் மீட்டர் நகராது, பெல்ட் சுற்றிக்கொண்டுதான் இருக்கும். ஓஎம்ஆரில் தினமும் ஊர்ந்த 60 ஆயிரமும் மதுரை-சென்னை என்று பறந்த 60 ஆயிரமும் ஒன்றில்லை. டாக்ஸிக்காரர்கள் "நான் ஒன்றரை லட்சம் ஓட்டினேன், ஒண்ணும் ஆகலை" என்று சொல்வது பொய்யில்லை, அவர்கள் ஒரு லட்சத்தை ஒன்றரை வருஷத்தில் ஹைவேயில் முடித்துவிடுகிறார்கள். எட்டு வருஷம் அபார்ட்மெண்ட் பேஸ்மெண்ட்டில் நின்ற டாக்டர் வண்டிக்கு அந்தக் கணக்கு செல்லாது.

2024 மார்ச் 24

கேள்வி கேட்டவர் வேலைக்கு விடுகிறாராம், பக்கத்தில் நிற்கும்போது எதைப் பார்க்கணும் என்று கேட்டிருக்கிறார். முதலில், தானே செய்யலாமா என்று கேட்ட இன்னொருவருக்கு: உங்களிடம் கிராங்கையும் கேமையும் சரியான இடத்தில் நிறுத்தும் லாக்கிங் பின்னும், போல்ட்டை அளவு பார்த்து இறுக்கும் டார்க் ரெஞ்சும் இருந்தால் இந்தக் கேள்வியைக் கேட்டிருக்க மாட்டீர்கள்.

கே9கேவில் வலது முன் சக்கரத்தையும் உள் லைனரையும் எடுப்பார்கள். இன்ஜினை அடியில் ஜாக் கொடுத்துத் தாங்கி அந்தப் பக்கத்து மவுண்டைக் கழற்றுவார்கள். ஜாக்குக்கும் சம்ப்புக்கும் நடுவில் மரக்கட்டை இருக்கிறதா என்று பாருங்கள். அப்புறம் கிராங்கை நிறுத்தும் லாக்கிங் பின் பிளாக்கில் திருகி உள்ளே போகும், கேம் புல்லியின் ஓட்டை வழியாக ஒரு பின் ஹெட்டுக்குள் போகும். ஹை பிரஷர் பம்ப் புல்லிக்கும் மார்க் இருக்கிறது, அதையும் சேர்க்கணும். கிராங்க் போல்ட்டைக் கழற்றும்போது அந்தப் பின்னை நம்பி பலம் கொடுக்கக் கூடாது, பின் நேரம் பார்க்கத்தான், இன்ஜினைப் பிடித்துக்கொள்ள இல்லை.

நிறைய இடத்தில் பின் இருக்காது. வொயிட்னரால் பழைய பெல்ட்டிலும் புல்லியிலும் கோடு போட்டு, அதே பல்லைப் புது பெல்ட்டில் எண்ணிப் போடுவார்கள். கை தேர்ந்தவர்கள் அப்படியும் சரியாகப் போடுகிறார்கள், இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் போன தடவை மாற்றினவர் ஒரு பல் தள்ளிப் போட்டிருந்தால், வொயிட்னர் அந்தத் தப்பையும் அழகாக நகல் எடுத்துவிடும். ஒரு பல் தள்ளியிருந்தாலும் வண்டி ஓடும், இழுவை குறையும், புகை வரும், மைலேஜ் போகும், என்னவென்றே தெரியாமல் இன்ஜெக்டரைக் கழற்றிக்கொண்டிருப்பார்கள். செகண்ட் ஹேண்ட் வண்டிக்கு லாக்கிங் பின் இல்லாத கடை வேண்டாம்.

பெல்ட் ஏறிய பிறகு செல்ஃபைத் தொடுவதற்கு முன்னால், பின்களை எடுத்துவிட்டுக் கிராங்கை ரெஞ்சால் கையாலேயே இரண்டு முழுச் சுற்று சுற்றணும், ஓடும் திசையில் மட்டும். எங்காவது கெட்டியாக இடித்தால் நிறுத்தணும், பலம் கொடுக்கக் கூடாது. இரண்டு சுற்று முடிந்ததும் பின்கள் மறுபடி அதே ஓட்டையில் தானாகப் போகணும், டென்ஷனரின் முள்ளும் சரியான இடத்தில் நிற்கணும். இந்த இரண்டு சுற்றைத்தான் அவசரத்தில் விட்டுவிடுகிறார்கள். நீங்கள் பக்கத்தில் நிற்பதே இதற்காகத்தான், டீ குடிக்கப் போவதென்றால் இது முடிந்ததும் போங்கள்.

2024 மார்ச் 24, இன்னும் ஒன்று

பேட்டரி இறங்கிவிட்டால் தள்ளி ஸ்டார்ட் செய்வதைப் பற்றி. பெல்ட் வண்டியில் எனக்குப் பிடிக்காது. கிளட்ச்சைப் படக்கென்று விடும்போது விழும் உதையில் வயதான பெல்ட் ஒரு பல் தாண்டலாம். ஜம்ப் கேபிள் ஒன்று டிக்கியில் கிடந்தால் போதும்.

2024 ஏப்ரல் 2

வேலை முடிந்து அவர் போட்ட படங்களைப் பார்த்தீர்களா? பழைய பெல்ட்டின் முதுகில் இருந்த தேதியைப் பெரிதாக்கிப் பார்த்தால் 2021. அதாவது முதல் ஓனரோ இரண்டாவது ஓனரோ ஒரு தடவை மாற்றியிருக்கிறார், பில்தான் கைமாறவில்லை. அதனால் நான் 8 வயதுப் பெல்ட் என்று போட்ட கணக்கு அந்தப் பெல்ட்டுக்குப் பொருந்தாது. அந்த ஊர் மெக்கானிக் "நல்லாத்தானே இருக்கு" என்று சொன்னது பெல்ட்டைப் பொறுத்தவரை சரியான பேச்சு. அந்த அண்ணனுக்கு அந்த மட்டும் மரியாதை.

உடனே "பார்த்தீங்களா, பதினஞ்சாயிரம் தண்டம்" என்று ஆரம்பித்துவிட்டார்கள். அடுத்த படத்தையும் பாருங்கள். டென்ஷனர் வண்டியோடு வந்ததாகத்தான் தெரிகிறது, வாட்டர் பம்ப்பும் அப்படியே, முகத்தில் காய்ந்த கூலண்ட் கறை. டென்ஷனர் ரோலரைக் கையில் வைத்துச் சுண்டினால் சுற்றிக்கொண்டே போகிறது என்று வீடியோவும் போட்டிருக்கிறார், அதைப் பார்த்துச் சிலர் "எவ்வளவு ஃப்ரீயா சுத்துது, புதுசு மாதிரி" என்கிறார்கள். நல்ல பேரிங் அப்படிச் சுற்றாது. உள்ளே கிரீஸ் இருந்தால் சுண்டியதும் கொஞ்சம் சுற்றி, மெத்தென்று நிற்கும். கரகரவென்று சத்தத்தோடு நிற்காமல் சுற்றுகிறது என்றால் கிரீஸ் காய்ந்துவிட்டது. பெருந்துறை வண்டியில் நின்றுபோன ஐட்லரும் இந்த வழியில்தான் போயிருக்கும்.

2021-இல் மாற்றினவர் பெல்ட்டை மட்டும் மாற்றி சில ஆயிரம் மிச்சம் பிடித்திருக்கிறார். அவர் வண்டியை விற்றுவிட்டார், அவருக்கு அது லாபம்தான்.

அதனால் முதல் நாள் சொன்னதைக் கொஞ்சம் மாற்றிச் சொல்கிறேன். பெல்ட் மாற்றிய பில் இருந்தாலும் அதில் டென்ஷனரும் பம்ப்பும் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். எழுதவில்லை என்றால் அது பாதி பில். விலை பேசும்போதே அதைச் சொல்லிக் குறைக்கலாம், புரோக்கர் முகம் சுளிப்பார், ஆனால் குறைப்பார்.

2024 ஏப்ரல் 6

கேள்வி கேட்டவருக்குக் கடைசியாகச் சில. வேலைக்குப் பிறகு கூலண்ட் அளவு இறங்குகிறதே என்கிறீர்கள், கசிவு எதுவும் தெரியவில்லை என்றால் உள்ளே நின்ற காற்று வெளியேறுகிறது, அவ்வளவுதான். இன்ஜின் நன்றாக ஆறிய பிறகு மட்டும் மூடியைத் திறந்து அதே கலர், அதே வகைக் கூலண்டை ஊற்றுங்கள், வெறும் தண்ணீர் வேண்டாம். சில நாளில் ஒரே அளவில் நிற்கணும். நிற்காமல் இறங்கிக்கொண்டே இருந்தால் பம்ப் கேஸ்கெட்டைப் பார்க்கச் சொல்லுங்கள். அது கடைக்காரர் பொறுப்பு, காசு கொடுக்காதீர்கள்.

வேகம் ஏற ஏற ஊளையிடுகிற மாதிரி புதுச் சத்தம் வந்தால் பெல்ட்டை அளவுக்கு மீறி இறுக்கியிருக்கிறார்கள். வரவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள், நல்லது.

பழைய பாகங்களைக் கேட்டு வாங்கியது சரி. பில்லை ஆர்சியோடு வையுங்கள், பானெட்டுக்கு அடியில் தேதியும் கிலோமீட்டரும் எழுதி ஒரு ஸ்டிக்கரும் ஒட்டிவிடுங்கள். பழைய பெல்ட்டை அவசரத்துக்கு என்று டிக்கியில் வைத்திருப்பதாகச் சொன்னீர்களே, அதை எடுத்து எறியுங்கள். ரோட்டோரத்தில் நின்று அதைப் போட யாராலும் முடியாது.